முட்டையா, கல்லா?

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்கு நண்பன் ஒருவனோடு தொல்லுயிர் எச்சம் தேடச் சென்றேன். மழைநீர் அரித்து மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும் களிமண் பூமி அது. துப்பாக்கிக் குண்டு போன்ற பெலம்னைட்டுகள் அங்கே எளிதில் கிடைக்கும். கணவாய் மீனுக்கு உறவான ஒரு கடலுயிரின் உட்கூடுகள் அவை. அவற்றிடையே கோழி முட்டையைவிடச் சற்றுப் பெரிய கல் ஒன்றைக் கண்டேன். பழுப்பு நிறம்; வழவழப்பு; நல்ல கனம். "டைனோசர் முட்டையடா!" என்றான் நண்பன். நம்பினேன். நம்பியதோடு நில்லாமல், இங்கு வந்ததும் விடுதியில் அறை அறையாகக் காட்டியும் விட்டேன்.

நிலவியல் துறையில் எங்கள் பேராசிரியர் கல்லைப் பார்க்குமுன் கேட்ட முதற் கேள்வி, "எந்த அடுக்கில் எடுத்தாய்?" என்பது. நான் விழித்தேன்.

பிறகு சோதனைகள் தொடங்கின. உருப்பெருக்கியில் பார்த்தேன், முட்டையோட்டுக்குரிய தனிப் படலமோ நுண்துளையோ இல்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டேன். முட்டையோடு சுண்ணாம்புப் பொருள். நுரைத்துப் பொங்க வேண்டும். இதிலோ கீறல்களில் மட்டும் சில குமிழிகள். ஆயினும் சிலிக்கா ஏறிக் கல்லான ஓடும் பொங்காது. ஆகவே இதை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூற முடியாது. சிறிது தூளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அம்மோனியம் மாலிப்டேட் சேர்த்து இளஞ்சூடாக்கினேன். பளிச்சென்று மஞ்சள் வீழ்படிவு! பாஸ்பேட்.

இங்கேதான் மறுபடி ஏமாந்தேன். எலும்பிலும் பாஸ்பேட் உண்டல்லவா? முட்டை போனால் போகட்டும், எலும்பாவது மிஞ்சாதா என்று ஆசை. கல்லை அறுத்துப் பார்த்தோம். எலும்பின் துளையமைப்பு எங்கும் இல்லை. சேறு இறுகியது போன்ற மென்மணிகள், நடுவே சிப்பித் துணுக்கு ஒன்று. அத்துணுக்கைச் சுற்றிக் கடலடிச் சேற்றில் பாஸ்பேட் திரண்டு உருண்டையாகியிருக்கிறது.

1862-ல் எச். எப். பிளான்போர்டு இப்பகுதிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதினார். காரைக் களிமண் ஊட்டத்தூர்த் தொகுதியைச் சேர்ந்தது. ஏறத்தாழப் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. பாஸ்பேட் உருண்டைகள் அதில் இருப்பது பழைய செய்தி. டைனோசரோ நிலத்தில் முட்டையிட்ட பிராணி. குஜராத்தில் பாலாசினோர் அருகே அதன் முட்டைகள் கிடைத்தது நிலப்படிவில். பெலம்னைட்டுகளின் நடுவே நின்றுகொண்டு நான் முட்டை என்றேனே, அதுதான் வெட்கம்! ஒரு சிறு ஆறுதல்: 2020-ல் அதே மாவட்டத்துக் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோதும் டைனோசர் முட்டை என்றே செய்தி பரவியது, நிலவியலார் வந்து பார்த்து, அல்ல என்றார்கள்.

கல்லின் ஒரு பாதி இப்போது துறையின் அலமாரியில் இருக்கிறது. சீட்டை நானே எழுதி ஒட்டினேன்: "பாஸ்பேட் உருண்டை. காரை. அடுக்கு: குறிக்கப்படவில்லை."