மூச்சிரைக்கும் பூனையைப் பேணும் முறை

நம் வீடுகளில் எலியை விரட்டும் காவலனாகவும், குழந்தைகளின் விளையாட்டுத் தோழனாகவும் விளங்குவது பூனை. ஓடியாடும் வரையில் அதனை எல்லோரும் கொஞ்சுகிறோம். ஆனால் அது தும்மத் தொடங்கி, மூக்கில் சளி ஒழுகி, வாரக்கணக்கில் இருமிக் கொண்டிருந்தால் நம் மனம் மாறி விடுகிறது. “இது தேறாது” என்று சொல்லி, சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கம் விட்டு விட்டு வருகிறவர்களும் உண்டு.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டு விட்டதாக எண்ணுமாம். நோயுற்ற பூனையைக் காணாத இடத்தில் விட்டுவிட்டு, நோயே தீர்ந்து விட்டதாக எண்ணும் நாமும் அப்படித்தானே? நாட்பட்ட மூச்சு நோய் சில பூனைகளுக்கு முற்றிலும் குணமாகாது என்பது உண்மையே. ஆயினும் குணமாகாது என்பது வேறு, பேண இயலாது என்பது வேறு. இவ்வேறுபாட்டை அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

நோய் இரு வகை

பூனையின் மூச்சு நோய்களில் நாம் முக்கியமாக அறிய வேண்டியவை இரண்டு. ஒன்று மூக்கைச் சார்ந்தது. மற்றொன்று மார்பைச் சார்ந்தது.

மூக்கைச் சார்ந்த நாட்பட்ட சளிக்குப் பெரும்பாலும் வித்திடுபவை ஹெர்ப்பிஸ், கேலிசி என்னும் இரு வைரஸ் கிருமிகள். குட்டிப் பருவத்தில் இவை தாக்கும்போது காய்ச்சல், தும்மல், கண்ணில் பீளை, வாயில் புண் ஆகியவை தோன்றும். பல குட்டிகள் தேறி விடுகின்றன. ஆனால் ஹெர்ப்பிஸ் கிருமி பெரும்பாலான பூனைகளின் நரம்பு முடிச்சுகளில் வாழ்நாள் முழுவதும் ஒளிந்து கிடக்கிறது. வீடு மாறுதல், புதிய பூனை வந்து சேர்தல், குட்டிக்குப் பாலூட்டுதல் போன்ற சமயங்களில் அது மீண்டும் தலைதூக்கும். மேலும் அது மூக்கினுள் உள்ள மெல்லிய சுருள் எலும்புகளைச் சிதைத்து விட்டால், அங்கே சளி தேங்கி, வேறு பாக்டீரியாக்களும் குடியேறுகின்றன. ஆண்டுதோறும் சளி விடாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

மார்பைச் சார்ந்தது ஆஸ்துமா. தூசி, புகை, பூந்தாது முதலியவை ஒவ்வாமையை உண்டாக்க, நுரையீரலுக்குச் செல்லும் சிறு குழல்கள் வீங்கிச் சுருங்குகின்றன. உள்ளே சென்ற காற்று எளிதில் வெளியே வருவதில்லை. அப்போது பூனை தரையோடு தரையாகக் குந்தி, கழுத்தை முன்னே நீட்டி இருமும். விழுங்கிய மயிரைக் கக்க முயல்கிறது என்று நாம் அலட்சியமாக இருந்து விடுகிறோம். எதையும் கக்காமல் அடிக்கடி இப்படி இருமினால் ஆஸ்துமா இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

நுரையீரல் புழுக்களாலும், மூக்கினுள் வளரும் சதையாலும், இருதய நோயாலும் கூட மூச்சுத் தொல்லை வரலாம். ஆகவே நோய் இன்னதென்று தீர்மானிப்பது மருத்துவரின் பணி. கண்டதைக் கண்டபடி அவரிடம் சொல்வது நம் பணி.

மூச்சை எண்ணுதல்

இப்பணிக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. விநாடி முள் உள்ள ஒரு கடிகாரமும், ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

பூனை அயர்ந்து உறங்கும்போது அருகில் அமர்ந்து, அதன் விலாவைக் கவனிக்க வேண்டும். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. 30 விநாடிகள் எண்ணி, வந்த எண்ணை இரண்டால் பெருக்கினால் ஒரு நிமிடத்தின் கணக்குக் கிடைக்கும். நலமான பூனை உறங்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 30 மூச்சு விடும். உறங்கும் பூனையின் மூச்சு நாள்தோறும் 30-க்கு மேலேயே இருந்தால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ஓடி விளையாடிய உடனேயும், அது குறுகுறுவென்று ஒலியெழுப்பும்போதும் எண்ணினால் கணக்குத் தவறாகும்.

தேதி, மூச்சின் எண்ணிக்கை, எத்தனை முறை இருமியது, எவ்வளவு உண்டது, எந்த மருந்து கொடுத்தோம் என ஐந்து கட்டங்கள் வரைந்து தினமும் எழுதி வந்தால், ஒரு மாதத்தில் அந்த நோட்டே மருத்துவருக்குச் சிறந்த வழிகாட்டியாகி விடும். வாய் பேசாத உயிரின் சார்பில் பேசுவது அந்த நோட்டுத்தான் அன்றோ?

வீட்டுக் காற்று

வறுமையைக் குறிக்க “அடுப்பில் பூனை தூங்குகிறது” என்று நம்மவர் சொல்வதுண்டு. அடுப்புச் சாம்பலின் வெதுவெதுப்பை நாடுவது பூனையின் இயல்பு. ஆனால் ஆஸ்துமா உள்ள பூனைக்கு அந்தச் சாம்பல் தூசியே பகை. விறகுப் புகை, ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், சிகரெட்டுப் புகை, வாசனைப் பவுடர் ஆகிய யாவும் அதன் மூச்சுக் குழலை உறுத்தும். தூபம் ஆலயத்தில் மணக்கட்டும். பூனை படுக்கும் அறையில் வேண்டாம். கொசுவுக்கு வலை கட்டிக் கொள்ளலாம். வீட்டில் புகைபிடிக்கும் தந்தையோ மாமாவோ இருந்தால், பூனையைக் காரணம் காட்டி அன்புடன் வேண்டிக் கொள்வது நமக்கும் நன்மையே.

வீட்டைப் பெருக்கும்போது பூனையை வேறு அறையில் விடவேண்டும். தரையை ஈரத்துணியால் துடைப்பது நலம். மலம் கழிக்கும் தட்டில் தூசி பறக்கும் சாம்பலைப் போடாமல், துண்டு துண்டாகக் கிழித்த காகிதத்தை இடலாம்.

ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் உள்ள வீட்டில், சளியுள்ள பூனைக்குத் தனிக் கிண்ணமும் தனிப் படுக்கையும் தேவை. அதனைத் தொட்ட பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். பாத்திரங்களைக் கழுவிய பிறகு, ஒரு பங்கு வீட்டு பிளீச் திரவத்துக்கு 32 பங்கு நீர் கலந்து அதில் பத்து நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி உலர்த்த வேண்டும். மேற்சொன்ன இரு வைரஸ் கிருமிகளும் மனிதரைத் தொற்றுவதில்லை. ஆகையால் பெற்றோர் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் வீட்டுப் பிள்ளைகளில் எவருக்கேனும் ஆஸ்துமா இருந்தால், பூனை வளர்ப்பது பற்றி அப்பிள்ளையின் டாக்டரைக் கலந்து கொள்வது அவசியம்.

உணவு

பூனை உணவை மோந்து பார்த்தே உண்ணும். மூக்கு அடைத்திருந்தால் பசி இருந்தும் கிண்ணத்தை விட்டு விலகிப் போகும். இது பிடிவாதம் அன்று, நோயின் விளைவு. உப்பும் காரமும் இன்றி வேகவைத்த மீனையோ கோழி இறைச்சியையோ முள்ளும் எலும்பும் நீக்கி, வெதுவெதுப்பாகச் சூடாக்கிச் சிறுகச் சிறுகக் கொடுத்தால் மணம் எழுந்து பசியைத் தூண்டும். உண்ணுமுன் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சினால் மூக்கைத் துடைக்க வேண்டும். கண்களையும் துடைக்கலாம். ஒரு கண்ணுக்குப் பயன்படுத்திய பஞ்சை மறு கண்ணுக்குப் பயன்படுத்தலாகாது.

பாலும் சோறும் மட்டுமே பூனைக்குப் போதா. டாரின் என்னும் சத்து அதற்கு இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் கிடைத்தாக வேண்டும். இரண்டு நாள் முழுதும் ஒன்றும் உண்ணாத பூனைக்கு, குறிப்பாகக் கொழுத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆதலால் பட்டினி கிடந்தால் தானே குணமாகும் என்று காத்திருக்கக் கூடாது.

மருந்து

இங்கேதான் அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பது விளங்கும். காய்ச்சலடிக்கிறதே என்று இரங்கி, நமக்குத் தரும் பாரசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுப்பவர்கள் உண்டு. ஒரே மாத்திரை அதனைக் கொன்று விடக்கூடும். அம்மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க இயலாமற் போய், ஈறுகள் பழுப்பு நிறமாகி விடும். அவ்வாறே யூகலிப்டஸ் தைலம், கற்பூரம், நெஞ்சில் தடவும் களிம்பு ஆகியவையும் ஆகா. பூனை தன் உடலை நக்கும்போது அவை வயிற்றினுள் செல்லும். நாய்க்கு உண்ணி போக வாங்கிய மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் பூனைக்கு நஞ்சு.

மருத்துவர் டாக்சிசைக்ளின் மாத்திரை தந்தால், அதை விழுங்கச் செய்ததும் சிறிது நீரோ உணவோ தரவேண்டும். இன்றேல் மாத்திரை உணவுக் குழலில் ஒட்டிப் புண்ணாக்கும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மருந்து தருவார்கள். அதனை மாத்திரையாகவோ, முகமூடி பொருத்திய குழலின் வழியே மூச்சுடன் உள்ளிழுக்கும்படியோ கொடுக்கலாம். முகமூடியை முகத்தில் வைத்து 7 முதல் 10 மூச்சு வரை எண்ண வேண்டும். முதலில் வெறும் முகமூடியை மோந்து பார்க்கவிட்டு, பிடித்த தின்பண்டம் தந்து, சில நாள் பழக்கினால் பூனை அஞ்சாது. இருமல் நின்று விட்டது என்று நாமே மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது. அளவைக் குறைப்பதும் மருத்துவர் சொற்படியே நடக்க வேண்டும்.

குட்டிகளுக்கு 6 முதல் 8 வார வயதில் தடுப்பூசியைத் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும் வரை போட வேண்டும். தடுப்பூசி சளியை அறவே தடுக்காவிடினும் அதன் கடுமையைக் குறைக்கும்.

உடனே விரைய வேண்டிய வேளை

நாய் வாயைத் திறந்து இரைப்பது இயல்பு. அமைதியாகப் படுத்திருக்கும் பூனை வாயைத் திறந்து மூச்சு விடுவது இயல்பன்று, ஆபத்தின் அறிகுறி. ஈறும் நாக்கும் நீலமாகவோ வெளிறியோ காணப்பட்டாலும், மூச்சுக்கு வயிறு எக்கி எக்கி இழுத்தாலும் காலந் தாழ்த்தலாகாது. அச்சமயத்தில் வாயில் மருந்தோ நீரோ ஊற்றக் கூடாது. இறுகப் பிடிக்கவும் கூடாது. காற்றோட்டமுள்ள கூடையில் விட்டு, மெல்லிய துணியால் மூடி, சத்தமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நம் ஊர்களில் அரசு கால்நடை மருந்தகங்கள் உள்ளன. 1903-இல் தொடங்கி இன்று வேப்பேரியில் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் செல்லப் பிராணிகளுக்குச் சிகிச்சை அளிக்கப்படுகிறது.

நம் கடமை

“மனிதரே மருந்தின்றி வாடும்போது பூனைக்குச் செலவா?” என்று பெரியோர் கேட்கலாம். இது தள்ளிவிடக் கூடிய கேள்வி அன்று. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதற்கு இரு பக்கமும் பார்த்து விடை தருகிறது. விலங்குகள் இறைவனின் படைப்புகள், அவற்றுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள் என்று அது போதிக்கிறது. மனிதரின் துயர் துடைக்க வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்றும் அதுவே போதிக்கிறது. மேலே கூறியவற்றை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். புகையை விலக்குதல், உணவைச் சூடாக்குதல், மூக்கைத் துடைத்தல், மூச்சை எண்ணுதல் ஆகியவற்றுள் எதற்குப் பணம் வேண்டும்? ஏழையின் பங்கைப் பறிக்காமலே செய்யக்கூடியவை இவை. நம் பொறுமையும் நேரமுமே இவற்றுக்குச் செலவு.

நாட்டுச் சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமை என 1976-இல் நம் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. எவ்வளவு முயன்றும் வேதனை தணியாத நிலை வந்தால், அப்போதும் சாக்கும் சந்தையும் வழியல்ல. பெற்றோரும் மருத்துவரும் கலந்து முடிவு செய்ய வேண்டும்.

குழந்தை இயேசுவின் புனித தெரசம்மாள் காசநோயால் மூச்சுக்குத் திணறி, 1897-இல் தமது 24-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் நமக்குக் காட்டிச் சென்றது, சின்னஞ்சிறு கடமைகளை அன்போடு செய்யும் சிறு வழி. தினமும் ஒரு கிண்ணத்தைக் கழுவுவதும், ஒரு பஞ்சை நனைப்பதும், அரை நிமிடம் எண்ணுவதும் யார் கண்ணுக்கும் பெரிதாகத் தோன்றா. ஆயினும் குணமாகாத நோயாளியின் அருகில் சலிப்பின்றி இருக்கும் பழக்கத்தை இவை நமக்குக் கற்றுத் தருகின்றன. நாளை நம் வீட்டுப் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ மூச்சிரைக்கும்போது இப்பயிற்சி நமக்குக் கைகொடுக்கும். ஆகவே, தோழியரே, தும்மும் பூனையைத் துரத்தாமல், அறிவோடும் அன்போடும் பேணி வருவோமாக!