தீர்ப்பை மட்டும் திருத்துங்கள்

கே: குரூப் 2 தேர்வில் மூன்று முறை தோற்றுவிட்டேன். 'நடந்ததை வேற மாதிரி பாரு' என்கிறார்கள் வீட்டில். அது என்னை நானே ஏமாற்றிக்கொள்வது ஆகாதா?
– ஒரு வாசகி, மதுரை

ப: 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லிக்கொண்டால் ஏமாற்றுதான். அதை நான் சொல்ல மாட்டேன். வருடக்கணக்கில் படித்தது கைகூடாதபோது வலிக்கத்தான் செய்யும், தாயே. ஆனால் 'பட்டியலில் பெயர் வரவில்லை' என்பது நடந்தது; 'எதற்கும் லாயக்கில்லை' என்பது நீங்களாக எழுதிய தீர்ப்பு. மாற்ற வேண்டியது அதை மட்டும்தான்.

அதற்கு எழுதிப் பார்ப்பது ஒரு வழி. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரின் ஆய்வு ஒன்று 1986-ல் வெளியானது. கல்லூரி மாணவர்கள் நான்கு நாள், தினம் 15 நிமிடம், மனதை உறுத்தும் சம்பவத்தைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்களுக்கு அப்போதைக்கு மனம் கனத்தது. பிந்தைய மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. அவருடைய பிற்கால ஆய்வுகளில், 'ஏனென்றால்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் நாளுக்கு நாள் கூடியவர்களே அதிகம் தேறினார்கள். புலம்பலாகவே நின்ற எழுத்து அவ்வளவு உதவவில்லை.

நீங்களும் ஒரு நோட்டு எடுங்கள். முதல்நிலைத் தேர்வைத் தாண்டினீர்களா? மெயின்ஸில் நேரம் போதவில்லையா? கணக்கில் சறுக்கியதா? அழுகை வந்தால் அதையும் எழுதுங்கள். மறுபடி எழுதுவதா, வேறு வேலை தேடுவதா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மட்டும் நோட்டோடு நிற்காதீர்கள். டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.