கட்டமும் சீட்டும் கல்வெட்டும்



நாளிதழை எடுத்தால் பலர் முதலில் தேடுவது கடைசிப் பக்கத்தைத்தான். குறுக்கெழுத்து, எண் புதிர், "உங்களுக்குத் தெரியுமா?" என்ற சிறு பெட்டி ஆகியவை அங்கேதான் இருக்கும். "படிக்கிற பிள்ளைக்கு இது வீண்வேலை" என்று சொல்லும் பெற்றோரும் உண்டு. அந்தப் பக்கம் எனக்குக் கற்றுத்தந்த மூன்று பாடங்களை இங்கே எழுதுகிறேன். மூன்றாவது பாடத்தை நான் பிழை செய்துதான் கற்றேன். அந்தப் பிழைக்கு இழப்பை அனுபவித்தவள் ஒரு மாணவி.

நான் பிறந்தது நயினாதீவில். வாப்பாவுக்கு இறங்குதுறைக்குக் கிட்ட ஒரு சிறு கடை. குறிகட்டுவானிலிருந்து வரும் லோஞ்சில்தான் பத்திரிகையும் வரும். கடல் குழம்பினால் இரண்டு நாள் பத்திரிகை ஒன்றாக வரும். பரிசுப் போட்டிக்கு விடை எழுதி அனுப்பினாலும் முடிவுத் திகதிக்குள் போய்ச் சேராது. ஆகவே எங்கள் கடையில் யாரும் பரிசுக்காகப் புதிர் நிரப்பியதில்லை. பின்னேரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருவார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவருக்கு வாப்பா முதலாளி. இருவரும் வாங்கில் அமர்ந்து கட்டம் நிரப்புவார்கள். நான் பென்சில் சீவிக் கொடுப்பேன்.

முதற் பாடம்: தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு

குறுக்கெழுத்து மிகப் பழைய விளையாட்டு அல்ல. ஆதர் வின் என்பவர் அமைத்த முதலாவது புதிர் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயோர்க் வேர்ல்ட்' பத்திரிகையில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247. ஒரு கட்டத்தில் 'தீ' இருந்தால் மேலிருந்து கீழே வரும் சொல்லிலும் அதே 'தீ' வேண்டும். 'தி' வந்தால் பொருந்தாது. தமிழில் கட்டம் அமைப்பது கடினம் என்பதற்கு இதுவே காரணம். ஆனால் நிரப்புகிறவருக்கு நம் இலக்கணமே துணை.

ஒரு எடுத்துக்காட்டு. "யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்று, ஐந்தெழுத்து" என்று குறிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நயினாதீவு என்று உடனே எழுதிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, மண்டைதீவு ஆகியவையும் ஐந்தெழுத்துத்தான். ஐந்துக்கும் ஈற்றில் 'தீவு' வருவதால் அந்த இரண்டு கட்டங்களும் நமக்கு உதவா.

இப்போது குறுக்கே வரும் சொற்களைப் பாருங்கள். முதற் கட்டம் மேலிருந்து கீழே வரும் ஒரு சொல்லின் நடுவில் இருந்தால், அங்கே உயிரெழுத்து வராது. உயிர் சொல்லின் முதலில்தான் வரும். ஆகவே அனலைதீவும் எழுவைதீவும் நீங்கும். இரண்டாம் கட்டத்தில் மெய்யெழுத்து என்று தெரிந்தால் மண்டைதீவு மட்டுமே மிஞ்சும். மூன்றாம் கட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு புதுச் சொல் தொடங்கினால் என்ன ஆகும்? மெய் மொழிக்கு முதலில் வராது, நெடுந்தீவு நீங்கும். ன, ல, ட ஆகிய வரிசைகளும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா. நயினாதீவு, அனலைதீவு, மண்டைதீவு நீங்கும். எஞ்சுவது 'வை' உள்ள எழுவைதீவு. லைட், டை போன்ற பிறமொழிச் சொற்கள் வந்தால் மட்டும் இந்த விதி தளரும்.

மெய்ம்மயக்க விதியும் இப்படியே உதவும். க், ச், த், ப் ஆகியவற்றுக்குப் பின் அதே வரிசை எழுத்துத்தான் வரும். ஒரு கட்டத்தில் 'த்' விழுந்துவிட்டால் அடுத்த கட்டம் த முதல் தௌ வரையுள்ள 12 எழுத்துகளுக்குள் அடங்கிவிடும். வகுப்பில் சூத்திரமாக மனனம் செய்து மறந்த மொழிமுதல் எழுத்தும் மெய்ம்மயக்கமும் இங்கே வேலை செய்வதைக் காணலாம்.

"தெரிஞ்சதை முதலில எழுது பிள்ளை. பொருந்துது எண்டதுக்காக எழுதாதை, குறுக்கால வாற சொல்லையும் பார்" என்பார் மாஸ்டர். அந்தச் சொல்லின் பெறுமதி எனக்கு அப்போது விளங்கவில்லை.

இரண்டாம் பாடம்: போனதை எண்ணி வைத்தல்

கட்டம் முடிந்தால் சில நாளில் 304 நடக்கும். ஒன்றை முதலிலே சொல்லிவிடுகிறேன். பணம் வைத்து ஆடுவது சூது. நம் மார்க்கம் அதை விலக்கியிருக்கிறது. எங்கள் கடையில் ஒரு சதமும் வைத்ததில்லை. பணம் இல்லாவிட்டாலும் சீட்டே வேண்டாம் என்று கருதும் வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் பின்வரும் கணக்கைக் கடதாசியில் செய்து பார்க்கலாம்.

நால்வர் இரண்டு சோடியாக ஆடுவர். எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு சோடி. 52 சீட்டில் ஏழு முதல் ஆஸ் வரையுள்ள 32 மட்டுமே எடுக்கப்படும், ஆளுக்கு எட்டு. புள்ளிகள் வழக்கமான ஒழுங்கில் இல்லை. ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2. எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளி இல்லை. ஒரு வகைக்கு 76. நான்கு வகைக்கு 304. ஆட்டத்தின் பெயரே அதன் கூட்டுத்தொகை.

முதலில் நான்கு சீட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்கவேண்டும். கேள்வியை எடுத்தவர் துரும்பைத் தெரிந்து கவிழ்த்து வைத்தபின்தான் மிச்சம் நான்கும் வரும். அதாவது பாதி தெரிந்த நிலையில் முழுப் பொறுப்பை ஏற்கவேண்டும். 170 கேட்டவர் 170 எடுத்தாக வேண்டும். எதிர்ச் சோடி 135 எடுத்துவிட்டால் அவர் தோற்றார்.

புதிதாக ஆடுவோர் தங்கள் கையில் உள்ளதை மட்டும் பார்ப்பார்கள். தேர்ந்தவர் விழுந்துபோனதை எண்ணுவார். 32 சீட்டையும் நினைவில் வைக்கத் தேவையில்லை. நான்கு ஜாக்குக்கு 120, நான்கு ஒன்பதுக்கு 80. இந்த எட்டுச் சீட்டில் மட்டும் 200 புள்ளி இருக்கிறது. முதலில் இந்த எட்டில் எவை போயின, எவை இன்னும் வரவில்லை என்று எண்ணப் பழகுங்கள். அது கைவந்தபின் ஆஸையும் பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது, ஒரு வகையில் சீட்டு இல்லையென்று யார் எப்போது காட்டினார் என்பதைக் கவனியுங்கள். சோடியின் சீட்டு வெல்லும் என்று உறுதியானால் உங்கள் பெரும் புள்ளியை அந்தச் சுற்றில் போடுங்கள். உறுதியில்லையென்றால் சிறியதைப் போட்டுக் காத்திருங்கள்.

ஜாக்கும் ஒன்பதும் ஏன் ஆஸுக்கு மேல்? ஒல்லாந்தரின் 'கிளாவர்யாஸ்' என்ற ஆட்டத்திலும் 32 சீட்டுத்தான். அதிலும் துரும்பில் ஜாக்கும் ஒன்பதுமே உச்சம். ஆஸுக்கு 11, பத்துக்கு 10. தென்னாசியாவில் இவ்வகை ஆட்டங்கள் ஒல்லாந்தர் வழியாக வந்திருக்கலாம் என்று சீட்டாட்ட ஆய்வாளர் கருதுவர். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் ஏறத்தாழ 140 ஆண்டுகள் இங்கே இருந்தார்கள். நாம் சொல்லும் கலாவரையும் இஸ்கோப்பனும் அவர்களுடைய 'கிளாவர்', 'ஸ்கோப்பன்' என்ற சொற்களே. கந்தோரும் லாச்சியும் அப்படி வந்தவைதான்.

மூன்றாம் பாடம்: பெட்டிச் செய்தியைச் சோதித்தல்

1990 இல் எனக்கு எட்டு வயது. அவ்வாண்டு ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் குடும்பம் புத்தளம் போய்ச் சேர்ந்தது. அங்கே வாப்பா 304 ஆடவில்லை. "மாஸ்டர் இல்லாம என்னத்த ஆடுற" என்று ஒருமுறை சொன்னார். பத்திரிகைப் பெட்டிகளில் எங்கள் தீவுகளைப் பற்றி எது வந்தாலும் நான் வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டினேன். ஊரைப் பற்றி என்னிடம் மிஞ்சியது அந்தக் கொப்பிதான். ஒல்லாந்தர் காலத்தில் நயினாதீவுக்கு ஹார்லெம், காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க், அனலைதீவுக்கு ரொட்டர்டாம் என்று பெயர். நெடுந்தீவின் டெல்ஃப்ட் மட்டும் இன்றும் பரவலாக வழங்குகிறது. இப்படிப் பல துணுக்குகள் அதில் இருந்தன.

ஆசிரியையான பிறகு, பாடசாலைகளுக்கிடையிலான பொது அறிவுப் போட்டி ஒன்றுக்கு வினாக்களை நான் தயாரித்தேன். கொப்பியிலிருந்து ஒன்றை எடுத்தேன். "நயினாதீவிலுள்ள பராக்கிரமபாகு மன்னனின் கல்வெட்டு எந்த மொழியில் உள்ளது?" துணுக்கில் இருந்த விடை: சிங்களம். மன்னர் சிங்கள மன்னர், விடை பொருந்தியது. வேறெதையும் நான் பார்க்கவில்லை.

தீவகத்திலிருந்து வந்த ஒரு மாணவி "தமிழ்" என்றாள். நான் பிழை என்றேன். அந்த ஒரு வினாவால் அவளுடைய அணி தோற்றது. முடிந்தபின் என்னிடம் வந்தாள்.

"ரீச்சர், நான் அந்தக் கல்லைப் பாத்திருக்கிறன். முழுக்க வாசிக்க ஏலாது. ஆனா எழுத்து தமிழ்தான்."

"விடைத்தாளில உள்ளதைத்தான் பிள்ளை நான் சொல்லலாம்" என்றேன்.

அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். அந்தத் தலையசைப்பு என்னை விடவில்லை. அடுத்த கிழமை நூலகத்தில் தேடினேன். வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் அந்தக் கல்வெட்டைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பிலேயே 'நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு' என்று இருந்தது. பிள்ளை சொன்னது சரி.

அது 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. கல் இருப்பது நாகபூஷணி அம்மன் கோயிலில். எங்கள் கடையிலிருந்து நடக்கும் தூரம். ஆணை சொல்வது ஊராத்துறையை, அதாவது இன்றைய ஊர்காவற்றுறையைப் பற்றி. பிறநாட்டு வணிகர் அங்கே வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசின் பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகப் பண்டம் ஏற்றிய கப்பல் உடைந்தால் இருவருக்கும் பாதிப்பாதி. அந்தத் துறைக்கு வந்துபோன வணிகருக்கு விளங்கவேண்டும் என்பதற்காகத் தமிழில் பொறித்தார்கள் என்று எண்ண இடமுண்டு. பிற்காலத்தில் போர்த்துக்கேயர் அதே இடத்தை 'யானைகளின் துறை' என்ற பொருளில் அழைத்தார்கள். 'கயிற்ஸ்' என்ற பெயர் அதிலிருந்து வந்தது என்பர். கல்லிலும் யானை, பெயரிலும் யானை. குறுக்கே வரும் சொல் என்று மாஸ்டர் சொன்னது இதைத்தான்.

இதை வாப்பாவிடம் சொன்னேன். "கப்பல் உடைஞ்சா பாதிப் பங்கு எண்ட கதைதானே? மாஸ்டர் எனக்கு எப்பவோ சொன்னாரே. அந்தக் கடதாசித் துண்ட நம்பினீங்க மகள், என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அந்த மாணவிக்கு, அவளுடைய பாடசாலை முகவரிக்குக் கடிதம் எழுதினேன். பிழை என்னுடையது, விடை உன்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். வெற்றிக் கிண்ணம் கைமாறவில்லை. போட்டி முடிந்துவிட்டது என்றார்கள். அவளிடமிருந்து ஒரு சிறு கடிதம் வந்தது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது கல்லைப் பார்க்கும்படி எழுதியிருந்தாள். வாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மாஸ்டர் அப்போது இல்லை. மௌத்தாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்லுக்கு முன்னால் நின்று என்னால் இரண்டு மூன்று எழுத்துகளைத்தான் இனங்காண முடிந்தது. அதுவும் தமிழ்தான்.

கொப்பியை நான் எறியவில்லை. இப்போது ஒவ்வொரு துணுக்கின் பக்கத்திலும் மூன்று கேள்விகளை எழுதுகிறேன். இதைச் சொன்னவர் யார்? இதை எங்கே போய்ப் பார்க்கலாம்? இதைக் குறுக்கே வெட்டிச் சரி என்று காட்டும் வேறொரு செய்தி உண்டா? மூன்றுக்கும் விடை கிடைத்தால் மையால் எழுதுவேன், இல்லையேல் பென்சில்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கடைசிப் பக்கத்தைப் பிள்ளையிடமிருந்து பறிக்காதீர்கள். பக்கத்தில் அமர்ந்து நிரப்புங்கள். பத்திரிகையில் வராத பல செய்திகள் உங்களிடமும் உங்கள் வாப்பா உம்மாவிடமும் இருக்கின்றன. மாணவிகளுக்கு ஒரு வார்த்தை: உங்கள் கண்ணால் கண்டதை ஓர் ஆசிரியை பிழை என்றால், மரியாதையோடு எழுந்து மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள்.

பயிற்சி

1. 304 ஆட்டத்தில் ஒருவர் 200 கேட்டார். அவரைத் தோற்கடிக்க எதிர்ச் சோடிக்கு ஆகக் குறைந்தது எத்தனை புள்ளி வேண்டும்?
2. ஊராத்துறையில் 20 குதிரைகளோடு வந்த கப்பல் உடைந்தது. குதிரைகள் எல்லாம் தப்பின. கல்வெட்டின்படி உடையவனுக்கு எத்தனை?
3. "தீவகத்துத் துறை ஒன்று, ஏழெழுத்து, இரண்டாம் எழுத்து மெய்." எது?

விடைகள்: 1) 105. 2) 15. 3) ஊர்காவற்றுறை.