வெப்பம் எங்கே நின்றது?
வாடகை வீட்டு வெப்பமூட்டும் அமைப்பின் கோளாறுகளைக் கண்டறியும் முறை

மேற்கல்விக்காகப் பிரிட்டன் செல்லும் நம் மாணவர் பலர், முதலாண்டை விடுதியில் கழித்துவிட்டு, பின்னர் நண்பர்களோடு சேர்ந்து வாடகை வீட்டுக்குக் குடிபெயர்கின்றனர். வெப்ப நாட்டில் வளர்ந்த நமக்குக் குளிரூட்டி பழுதானால் என்ன செய்வதென்று தெரியும். வீட்டைச் சூடாக்கும் அமைப்போ நமக்குப் புதிது. ஜனவரி மாதத்தில் அது நின்றுபோனால் குளிரில் நடுங்குவதோடு, அறைச் சுவர்களில் பூஞ்சையும் படரத் தொடங்கும். கோளாறு எங்கே என்று முறையாகத் தேடுவது எப்படி, எதை நாமே சரிசெய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

அமைப்பு இயங்கும் விதம்

பிரிட்டனின் பெரும்பாலான வீடுகளில் எரிவாயுவால் இயங்கும் பாய்லர் உள்ளது. அது நீரைச் சூடாக்குகிறது. பம்ப் அந்நீரைக் குழாய்கள் வழியே ஒவ்வோர் அறையின் ரேடியேட்டருக்கும் அனுப்புகிறது. நீர் தன் வெப்பத்தை அறைக்குக் கொடுத்துவிட்டு, ஆறிய நிலையில் பாய்லருக்குத் திரும்புகிறது. எப்போது சூடாக்க வேண்டும் என்பதை டைமரும், எந்த அளவுக்கு என்பதைத் தெர்மோஸ்டாட்டும் தீர்மானிக்கின்றன.

எனவே இவ்வமைப்பில் கட்டளை, நெருப்பு, நீரோட்டம் ஆகிய மூன்றும் ஒழுங்காக நடைபெற வேண்டும். இவற்றுள் எது தடைபட்டது என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

வீடு முழுவதும் குளிர்ந்திருந்தால்

முதலில் எளியவற்றைப் பாருங்கள். பாய்லருக்கு மின்சாரம் வருகிறதா? டைமரின் நேரம் சரியாக உள்ளதா? தெர்மோஸ்டாட்டின் பேட்டரி தீர்ந்துவிட்டதா? முன்பணம் செலுத்தும் மீட்டராக இருந்தால் பணம் மீதமுள்ளதா?

அடுத்து, வெந்நீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். குளியலுக்கும் அறைகளுக்கும் ஒரே பெட்டியிலிருந்து வெப்பம் தரும் காம்பி பாய்லரில், குழாயில் வெந்நீர் நன்றாக வந்தால் எரிவாயுவும் நெருப்பும் சரியாக உள்ளன என்று பொருள். அப்போது கோளாறு தெர்மோஸ்டாட்டிலோ, பம்பிலோ, நீரைத் திசைதிருப்பும் வால்விலோ இருக்கலாம்.

மூன்றாவதாக, அழுத்தமானியைப் பாருங்கள். அமைப்பு ஆறியிருக்கும்போது முள் 1 முதல் 1.5 பார் வரை காட்ட வேண்டும். 1 பார் அழுத்தம் நீரை ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்துக்குத் தாங்கும். மாடியறை ரேடியேட்டருக்கு அது போதும். அழுத்தம் மிகவும் குறைந்தால் பல பாய்லர்கள் தாமாகவே நின்றுவிடும். பாய்லரின் அடியில் உள்ள நிரப்பு குழாயின் வால்வுகளை மெதுவாகத் திறந்து, முள் 1.2 அளவுக்கு வந்ததும் இறுக மூடினால் போதும். சில நாட்களிலேயே அழுத்தம் மறுபடி குறைந்தால் எங்கோ கசிவு உள்ளது, அல்லது விரிவுக் கலனில் காற்று குறைந்துவிட்டது. திரும்பத் திரும்ப நீர் நிரப்புவது அதற்குத் தீர்வாகாது. புதிய நீரோடு ஆக்சிஜனும் உள்ளே புகுந்து துருவை வளர்க்கும்.

வெளியே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே சென்ற காலையில் பாய்லர் களகளவென ஒலியெழுப்பி நின்றால், கழிவுநீரை வெளியேற்றும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் உறைந்திருக்கக்கூடும். அது எட்டும் உயரத்தில் இருந்தால், உறைந்த இடத்தில் வெதுவெதுப்பான நீரை ஊற்றிப் பனிக்கட்டியைக் கரைத்து, பாய்லரை மறுதொடக்கம் செய்யலாம். கொதிநீரை ஊற்றக்கூடாது.

சில ரேடியேட்டர்கள் மட்டும் குளிர்ந்திருந்தால்

இங்கே நம் கையே சிறந்த கருவி. அமைப்பு இயங்கும்போது ரேடியேட்டரை மேலிருந்து கீழாகத் தொட்டுப் பாருங்கள்.

மேற்பகுதி குளிர்ந்து கீழ்ப்பகுதி சூடாக இருந்தால் உள்ளே காற்று தேங்கியுள்ளது. அமைப்பை நிறுத்தி ஆறவிட்டு, ரேடியேட்டரின் மேல்மூலையில் உள்ள சிறு திருகை, அதற்குரிய சாவியால் இடப்புறமாகக் கால் சுற்றுத் திருப்புங்கள். காற்று சீறி வெளியேறும். நீர் துளிர்த்ததும் மூடிவிடுங்கள். பின்னர் அழுத்தமானியைப் பார்க்க மறவாதீர்கள். காற்று வெளியேறிய அளவுக்கு அழுத்தமும் குறைந்திருக்கும்.

இதற்கு மாறாக, மேற்பகுதி சூடாகவும் அடிப்பகுதியின் நடுவிடம் குளிர்ந்தும் இருந்தால், அங்கே கரிய சேறு படிந்துள்ளது. எஃகு துருப்பிடித்ததால் உண்டான இரும்பு ஆக்சைடு அது. காற்றை வெளியேற்றுவதால் இங்குப் பயனில்லை. அமைப்பைக் கழுவித் துருத்தடுப்பு மருந்து சேர்க்க வேண்டும். இது தொழிலாளியின் வேலை.

ஒரே ஒரு ரேடியேட்டர் முழுவதும் குளிர்ந்திருந்தால், அதன் வெப்பக் கட்டுப்பாட்டு வால்வின் ஊசி சிக்கியிருக்கலாம். எண்கள் பொறித்த தலைப்பகுதியைக் கழற்றி, ஊசியை மெல்ல அழுத்தினால் அது தானே மேலெழ வேண்டும். எழாவிட்டால் சில முறை மென்மையாக அழுத்தித் தளர்த்தலாம். குறடால் பிடித்து இழுக்கக்கூடாது.

பாய்லருக்கு அருகில் உள்ளவை கொதித்து, தொலைவில் உள்ளவை குளிர்ந்திருந்தால் நீரோட்டம் சமமாகப் பங்கிடப்படவில்லை. அருகில் உள்ளவற்றின் மறுமுனை வால்வைச் சற்றுக் குறைத்தால் தொலைவில் உள்ளவற்றுக்கும் நீர் சென்றடையும்.

தொடக்கூடாத எல்லை

பாய்லரின் மூடியைத் திறப்பதும் எரிவாயுக் குழாயைத் தொடுவதும் நம் வேலையல்ல. எரிவாயு சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை அதன் அறிகுறிகள். வீட்டில் உள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் இவை தோன்றி, வெளியே சென்றதும் குறைந்தால் அதைச் சளிக்காய்ச்சல் என்று எண்ணிவிடாதீர்கள். நீல நிறமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிவதும், பாய்லரைச் சுற்றிக் கரி படிவதும் எச்சரிக்கைகளே. உடனே பாய்லரை நிறுத்தி, சன்னல்களைத் திறந்து, வெளியேறி, எரிவாயு அவசர எண்ணாகிய 0800 111 999-ஐ அழையுங்கள். உடல்நிலை மோசமாக இருந்தால் 999-ஐ அழையுங்கள்.

உரிமையாளரின் கடமை

இங்கிலாந்தில் 7 ஆண்டுகளுக்குக் குறைவான வாடகை ஒப்பந்தங்களில், வெப்பமூட்டும் அமைப்பையும் வெந்நீர் அமைப்பையும் பழுதின்றி வைத்திருப்பது வீட்டு உரிமையாளரின் கடமையாகும். 1985ஆம் ஆண்டின் உரிமையாளர் - வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு இதனைக் கூறுகிறது. எரிவாயுச் சாதனங்களை ஆண்டுதோறும் சோதித்து, அதற்கான சான்றைக் குடியிருப்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது 1998ஆம் ஆண்டின் விதி. சோதிப்பவர், 2009ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் இடம்பெற்றவராக இருக்க வேண்டும். அவரிடம் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

"பாய்லர் வேலை செய்யவில்லை" என்று மட்டும் உரிமையாளருக்கு எழுதினால் வருபவர் முதலிலிருந்து தேட வேண்டும். "வெந்நீர் வருகிறது, அழுத்தம் 1.3 பார், தெர்மோஸ்டாட் பேட்டரி புதியது, ஆனால் எந்த ரேடியேட்டரும் சூடாகவில்லை, திங்கட்கிழமை முதல் இந்நிலை" என்று நாளைக் குறித்து எழுதுங்கள். வருபவர் எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தே வருவார். பழுதுபார்ப்பு தாமதமானால் அந்தக் கடிதமே உங்களுக்குச் சான்றாகவும் அமையும்.

குளிர்காலம் வரும்வரை காத்திராமல், செப்டம்பர் மாதத்திலேயே ஒரு மாலை அமைப்பை இயக்கி, ஒவ்வொரு ரேடியேட்டரையும் தொட்டுப் பார்த்துவிடுங்கள். அப்போது தெரியவரும் கோளாற்றைக் கடுங்குளிருக்கு முன்பே சரிசெய்துகொள்ளலாம்.