அடுத்த வீட்டு உறவு

நுழையும்முன்

சிற்றூரில் பிறப்போடு வந்து சேரும் அண்டை வீட்டு உறவு, நகரத்தில் தேடிப் பெற வேண்டியதாகிறது. ஊரை விட்டு நகரம் சேர்வோர் அயலாரோடு இணையும் வழியைக் காவிரிப் படுகையையும் சிங்கப்பூரையும் சான்றாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

நீர் வளர்த்த உறவு

திருவாரூர் மாவட்டத்தில் நெல்வயல்கள் சூழ அமைந்த ஊர் கூத்தாநல்லூர். காவிரிப் படுகையில் அண்டை அயலாரைப் பிணைத்தது உழவு. ஒரு வாய்க்காலின் நீர் பல வயல்களைக் கடந்தே கடைமடையை அடையும். மேல்மடையில் இருப்பவர் விட்டுக்கொடுத்தால்தான் கீழ்வயல் விளையும். வாய்க்காலைத் தூர்வாருவதும் கரையைக் காப்பதும் ஊராரின் பொதுப்பணியாக இருந்தன. அதனைக் குடிமராமத்து என்றனர். நடவும் அறுவடையும் பலர் கூடினாலன்றி நடைபெறா. ஆகவே, அயலாரோடு உறவின்றி வாழ்தல் உழவர்க்கு இயலாததாயிற்று.

எனினும், அவ்வுறவு எல்லாரையும் ஒன்றுபோல் அணைத்ததில்லை. சாதியால் தெருக்கள் பிரிந்தன. திண்ணையும் கிணறும் சிலருக்கு மறுக்கப்பட்டன. ஊர் ஒற்றுமையைப் போற்றுவோர் இக்குறையை மறத்தல் ஆகாது.

கடல் கடந்தோர்

கூத்தாநல்லூரிலிருந்து மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பொருளீட்டச் சென்றோர் பலர். அதனால் இவ்வூர் ‘சின்ன சிங்கப்பூர்’ எனவும் அழைக்கப்படுகிறது. படுகை மக்கள் பலர் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ முதலிய கப்பல்களில் ஏறி அந்நாடுகளை அடைந்தனர். புதிய நகரில் அவர்கள் முதலில் நாடியது சொந்த ஊராரையே. தங்க இடமும் செய்யத் தொழிலும் அவ்வுறவின் வழியே கிடைத்தன. ஆயின், அடுத்த வீட்டில் இருந்தவர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருந்தார். ஊர்ப்பற்று முதல் துணையாகலாம்; அதுவே முழுத் துணையாகாது.

அடுக்குமாடியில் ஒரு திண்ணை

சிங்கப்பூர் மக்களுள்ளும் பலர் அப்போது ‘கம்பம்’ எனப்படும் சிற்றூர்களில் வாழ்ந்தனர். 1960ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அவர்களை அடுக்குமாடி வீடுகளில் குடியமர்த்தியது. குடிநீரும் மின்விளக்கும் வீட்டுக்குள் வந்தன. திறந்திருந்த கதவுகளோ மூடிக்கொண்டன. இவ்விழப்பை ஈடுசெய்யப் பல முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. அடுக்குமாடிகளின் தரைத்தளம் வீடுகளின்றித் திறந்த வெளியாக விடப்பட்டது. முதியோர் அமர்ந்து பேசவும் சிறுவர் ஆடவும் அது இடம் தந்தது. மலாய்க்காரரின் திருமணமும் சீனரின் இறுதிச்சடங்கும் அங்கேயே நிகழ்ந்தன. அயலாரின் இன்பமும் துன்பமும் கண்முன் நிகழும்போது, பெயர் அறியாதவரும் அயலவராகின்றனர். 1978இல் குடியிருப்பாளர் குழுக்கள் தோன்றின. 1989 முதல், ஒவ்வோர் அடுக்குமாடியிலும் எல்லா இனத்தவரும் கலந்து வாழுமாறு இன வாரியான வரம்பு வகுக்கப்பட்டது. சட்டம் இருவரை அடுத்தடுத்த வீடுகளில் அமர்த்தலாம். அவர்கள் முகமலர்ந்து பேசுவது அவர்கள் கையிலேயே உள்ளது.

வெள்ளம் திறந்த கதவுகள்

2015 டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. மின்சாரமும் தொலைபேசியும் பல பகுதிகளில் செயலிழந்தன. தொலைவிலிருந்த உறவினரால் உதவ இயலவில்லை. தரைத்தளத்தில் வாழ்ந்தோர்க்கு மேல்தளத்தில் வாழ்ந்தோர் இடமும் உணவும் அளித்தனர். அன்றுதான் ஒருவர் பெயரை ஒருவர் அறிந்தோரும் உண்டு. அப்பெயரை முன்பே அறிந்திருந்தால், தனித்திருக்கும் முதியவர் எந்த வீட்டில் உள்ளார், நோயுற்றவர் எந்தத் தளத்தில் உள்ளார் என்பது வெள்ளம் புகும் முன்பே தெரிந்திருக்கும்.

சிற்றூரில் தேவை உறவை வளர்த்தது. நகரத்தில் மனம் உவந்து வளர்த்தாலன்றி உறவு வளராது. ஆனால், சாதியும் ஊரும் கேளாது எவரையும் அயலவராக ஏற்கும் வாய்ப்பை நகரம் தருகிறது. படுகையின் பகிர்தலை அவ்வாய்ப்போடு இணைப்பதே நகரம் செல்லும் இளையோரின் கடமை.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் தெருவில் அயலார் கூடும் பொது இடங்களைப் பட்டியலிட்டு, அங்கு வர இயலாதவர் எவர், ஏன் எனக் கலந்துரையாடுக.
2. புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்கு உங்கள் பகுதியை அறிமுகப்படுத்தும் மடல் ஒன்று எழுதுக.