பத்தில் ஒரு பங்கு

கடைக்காரரின் எடைக்கல் சரியானதா என்று பார்க்க வேறோர் எடைக்கல் வேண்டும். அதைச் சோதிக்க இன்னொன்று வேண்டும். மின்னியலிலும் இதே கேள்வி எழுகிறது. மூலக் கருவியில் பிழை இருந்தால், அதைக் கொண்டு அளவுதிருத்தம் செய்த கருவிகள் யாவும் அதே பிழையைக் காட்டும். அவை தமக்குள் ஒத்துப்போவதால் பிழை வெளியே தெரியாது.

மின்னழுத்தத்திற்கு இன்றைய முதன்மை அளவு, 1962-இல் பிரையன் ஜோசப்சன் கணித்துக் கூறிய விளைவிலிருந்து கிடைக்கிறது. இம்முறையில் தேசிய ஆய்வகங்கள் 10 வோல்ட் வரை மிகத் துல்லியமாகப் பெறுகின்றன. அப்படியானால் 100 வோல்ட் அளவியை எவ்வாறு சோதிப்பது? அந்த மின்னழுத்தத்தைச் சரியாகப் பத்தில் ஒரு பங்காக்கி 10 வோல்ட்டுடன் ஒப்பிட வேண்டும். இப்பணியைச் செய்வதே மின்னழுத்தப் பகுப்பான்.

அதன் அமைப்பு எளியது. 360 கிலோஓம், 40 கிலோஓம் ஆகிய இரு மின்தடைகளைத் தொடரில் இணைத்து 100 வோல்ட் கொடுத்தால், ஓம் விதிப்படி சிறிய தடையின் குறுக்கே 10 வோல்ட் கிடைக்கும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தடைகளின் உண்மை மதிப்பு நமக்குத் தேவையில்லை. ஒன்று மற்றதைப் போல் 9 மடங்கு என்பது உறுதியானால் போதும்.

அந்த 9 மடங்கை உறுதிசெய்யும் வழி, ஆஸ்திரேலியரான புரூஸ் ஹேமன் 1954-இல் வெளியிட்ட முறையில் அடங்கியுள்ளது. பெரிய தடையை மூன்று 120 கிலோஓம் தடைகளாக அமைக்க வேண்டும். முதலில் அவற்றைப் பக்க இணைப்பில் வைத்தால் 40 கிலோஓம் ஆகும். அதனை வீட்ஸ்டன் சமனச்சுற்றில் சிறிய தடையுடன் ஒப்பிட்டு, இரண்டும் சமமாகும்படி திருத்த வேண்டும். இரண்டையும் இடம் மாற்றி மீண்டும் சமன் பார்த்தால், சுற்றின் மற்ற இரு கைகளின் பிழையும் நீங்கிவிடும். பின்னர் அதே மூன்று தடைகளைத் தொடரில் இணைத்தால் 9 மடங்கு தானே கிடைக்கும்.

மூன்று தடைகளும் முற்றிலும் சமமாக இராவிட்டால்? ஒன்று பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாகவும் மற்றொன்று அதே அளவு குறைவாகவும் இருப்பதாகக் கொள்வோம். கணக்கிட்டுப் பார்த்தால், 9 மடங்கில் நேரும் பிழை 15 கோடியில் ஒரு பங்குதான். பிழையின் இருமடி மட்டுமே விடையில் நுழைவதே இதற்குக் காரணம்.

ஆயினும் இரு பகைவர்கள் உண்டு. முதலாவது வெப்பம். மின்னழுத்தம் 10 மடங்கானால் தடையில் தோன்றும் வெப்பம் 100 மடங்காகும். குறைந்த அழுத்தத்தில் சரிபார்த்த விகிதம் உயர் அழுத்தத்தில் சற்றே மாறக்கூடும். எனவே வெப்பநிலையால் அதிகம் மாறாத உலோகக் கலவைகளைத் தேர்ந்தெடுக்கின்றனர். இரண்டாவது மின்கசிவு. 360 கிலோஓம் தடைக்குப் பக்கத்தில் 36,000 கோடி ஓம் கசிவுப் பாதை இருந்தாலே அதன் மதிப்பு 10 லட்சத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். காப்புப் பொருளின்மேல் படியும் ஈரமும் விரல் வியர்வையும் அத்தகைய பாதையை உண்டாக்கப் போதுமானவை.

மாணவ நண்பர்கள் மூன்று சம தடைகளையும் ஒரு சமனச்சுற்றையும் கொண்டு இதனைத் தாமே செய்து பார்க்கலாம். இரு பொருள்கள் சமமா என்று காண்பதே அளவியலில் எளிய செயல். அந்தச் சமத்துவத்திலிருந்து 9 மடங்கையும், அதிலிருந்து பத்தில் ஒரு பங்கையும் பெறுகிறோம். இங்கே ஓர் எடைக்கல்லைச் சோதிக்க மற்றோர் எடைக்கல் தேவைப்படுவதில்லை. தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் போதும்.