பீட்டர் கார்ட்ரைட்டும் அவர் வீட்டாரும்

வேத பாகம்: 1 கொரிந்தியர் 9:7–14



ஊழியர்களின் சரித்திரத்தை வாசிக்கையில், அவர்கள் பிரசங்கித்த ஊர்களையும் ஞானஸ்நானம் பெற்றோரின் தொகையையும் கவனிக்கிறோம். வீட்டில் காத்திருந்தவர்களைக் கவனிப்பதில்லை. இம்மாதம் அமெரிக்க மெதடிஸ்ட் பிரசங்கியார் பீட்டர் கார்ட்ரைட்டை அவருடைய மனைவி மக்களோடு சேர்த்துத் தியானிப்போம்.

1785-ல் வர்ஜீனியாவில் பிறந்த அவர், சிறுவயதில் பெற்றோருடன் கென்டக்கிக்குச் சென்றார். புதிதாகக் குடியேறியவர்கள் காடு வெட்டி வாழ்ந்த நாடு அது. சீட்டாட்டத்திலும் குதிரைப் பந்தயத்திலும் பிரியங்கொண்ட அந்த வாலிபனைக் கர்த்தர் 1801-ல் சந்தித்தார். சில ஆண்டுகளுக்குள் அவர் குதிரையேறி ஊர் ஊராய்ச் செல்லும் சுற்றுப் பிரசங்கியாரானார். பல இடங்களில் ஆலயமே கிடையாது. மரத்தடியிலும் மரக்கட்டை வீடுகளிலும் ஆராதனை நடத்தினார்.

1800 முதல் 1816 வரை சபை இத்தகைய பிரசங்கியாருக்கு விதித்த படி ஆண்டுக்கு 80 டாலர். அதுவும் பலருக்கு முழுமையாய்க் கிடைக்கவில்லை. ஆகவே விவாகமானதும் அநேகர் சுற்று ஊழியத்தை விட்டுவிட்டு, பிழைப்புக்காக ஓரிடத்தில் தங்கிவிட்டார்கள். கார்ட்ரைட் 1808-ல் பிரான்சிஸ் கெய்ன்ஸ் அம்மையாரை மணந்தார். ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள். அவரோ ஊழியத்தை விடவில்லை. அவர் வெளியூர்களில் இருந்த நாட்களில் வீட்டுப் பாரத்தைச் சுமந்தவர் அந்த அம்மையாரே.

கென்டக்கியில் அடிமை முறை இருந்தது. தம் பிள்ளைகள் அதன் நடுவில் வளர்வதை கார்ட்ரைட் விரும்பவில்லை. பிள்ளைகளுக்கு நிலமும் தேவைப்பட்டது. எனவே 1824-ல் குடும்பமாக இல்லினாய்க்குப் புறப்பட்டார்கள். வழியில் ஓர் இரவு, காட்டில் தூங்கிக்கொண்டிருந்த மகள் சிந்தியாவின்மேல் மரம் விழுந்தது. பிள்ளை மரித்துப்போனாள். அவளை வழியிலேயே அடக்கம்பண்ணிவிட்டு, மீதிப் பிரயாணத்தை முடித்தார்கள். பிளெசன்ட் பிளெய்ன்ஸ் என்னும் இடத்தில் குடியேறிய பிறகும் அவர் ஊழியம் தொடர்ந்தது. 1872-ல் அவர் மரித்தார். அம்மையார் மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார்.

சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குப் பிழைப்பு அதனாலேயே உண்டாகவேண்டும் என்று பவுல் எழுதுகிறார். ஓர் ஊழியர் தம் தரித்திரத்தைச் சந்தோஷமாய் ஏற்கலாம். ஆனால் அந்தத் தரித்திரம் அவரோடு நிற்பதில்லை. அவருடைய மனைவியின் அடுப்பங்கரைக்கும் பிள்ளைகளின் தட்டுக்கும் வருகிறது. “ஊழியர் தியாகம் செய்யட்டும்” என்று எளிதாய்ச் சொல்கிறோம். அந்தத் தியாகத்தை அவருடைய பிள்ளைகளிடம் கேட்க நமக்கு உரிமை உண்டா? சபை கொடுக்க வேண்டியதைக் கொடாமல் இருந்துவிட்டு, அவர்களுடைய பாடுகளைப் பரிசுத்தம் என்று புகழ்வது நியாயமல்ல.

சிந்திக்க:

1. உங்கள் சபை ஊழியரின் வீட்டில் இருக்கிறவர்களின் பெயர்கள் உங்களுக்குத் தெரியுமா?
2. அவர்களுக்கு இப்போது உள்ள தேவை என்ன? பள்ளிக் கட்டணமா, மருத்துவச் செலவா, பேசுவதற்கு ஒரு துணையா?

ஜெபம்: ஆண்டவரே, உம்முடைய ஊழியரோடு அவர்கள் வீட்டாரையும் நாங்கள் நினைத்துத் தாங்க எங்களுக்கு மனம் தாரும். ஆமென்.